விருந்தினர் புத்தகத்தில் ஒரு வரி

ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பாளையம்பட்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். மணி மூன்று இருக்கும். தார் ரோட்டில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. ஓரத்து மண்ணில், முள் பார்த்துப் பார்த்து நடந்தேன். பின்னால் வந்த டவுன் பஸ் வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் படியில் நின்றபடி, "ஏறுறீகளா, இல்ல வெயில் காயுறீகளா?" என்றார். கையை ஆட்டி அனுப்பிவிட்டேன். பஸ்ஸில் ஏறினால் சீக்கிரம் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவேன். ஊரில் தங்கச்சி முகத்தில் விழிக்க வேண்டும். காலையில் அவள் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். அதைக் கேட்காமல் வந்துகொண்டிருந்தேன். செய்யாதே என்று அவள் சொன்ன காரியத்தைச் செய்துவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் திருச்சுழிக்குப் போகிற வழியில் பிரிந்து உள்ளே இருக்கிறது. அப்பா இல்லை. நான் எட்டாவதோடு படிப்பை விட்டு ஓடியவன். கரிமூட்டம், கிணற்றுக்குப் போர் போடுகிற லாரி, திருப்பூரில் சாயப்பட்டறை என்று ஓரிடத்தில் மூன்று மாதம் தங்கியதில்லை. தங்கச்சி எனக்குப் பத்து வயது இளையவள். அம்மாவும் அவளுமாக மல்லியும் பருத்தியும் போட்டு, விளைந்த வருஷம் படித்து, விளையாத வருஷமும் எப்படியோ படித்து, அவள் ரத்தப் பரிசோதனை வேலை கற்றுக்கொண்டாள். திருச்சுழியில் ஒரு லேபில் நாலு வருஷமாக வேலை பார்க்கிறாள்.

அவளுக்கு அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. எங்கள் ஆட்கள்தான். கிராமத்தை விட்டுப் போய்ப் பருப்பு மண்டி வைத்து நன்றாக வந்தவர்கள். பெண் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்து நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா என்னை போனில் கூப்பிட்டார்.

"தம்பி, வீட்டுல டைல்ஸ் வேலை நடக்குது. உக்கார எடமில்ல. பொம்பளைக அப்புறம் வரட்டும். மொதல்ல நீங்களும் நானும் பேசுவோம். கிளப்புக்கு வாங்க."

எந்தக் கிளப் என்று நான் கேட்கவில்லை. அருப்புக்கோட்டையில் எங்களைப் போன்றவர்களுக்குக் கிளப் என்றால் ஒன்றுதான்.

"ஒரு மெம்பருக்கு ஒரு கெஸ்ட்டுதான் விடுவாக. ஷூ போட்டுட்டு வாங்க. செருப்போட உள்ள விட மாட்டாக" என்றார்.

என்னிடம் ஷூ இல்லை. மில்லில் வாட்ச்மேனாக இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் கறுப்பு ஷூவை வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஒரு விரல் அளவு சிறியது. கிளம்பும்போது தங்கச்சி வாசல் வரை வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான்ணே. கல்யாணத்துக்குப் பெறகும் நான் லேபுக்குப் போவேன். அதுக்குச் சரின்னு அவுக வாயால சொல்லணும். அதைக் கேட்டுட்டு வா."

"கேக்குறேன்."

"அதுக்கு முன்னால அங்க கை நனைச்சிராத. தண்ணி கூட வேணாம். நனைச்சிட்டா அப்புறம் நம்ம கேள்விக்கு மதிப்பு கிடையாது."

"எனக்குத் தெரியாதாக்கும்?" என்றேன்.

எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், முடிவாகிற வரைக்கும் ஒரு வாய் சாப்பிட மாட்டார்கள். எவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாலும் சொம்பைத் தொட மாட்டார்கள். தொட்டுவிட்டால் சரி என்று அர்த்தம். பெண் பார்க்க வந்தபோது அவர்களும் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல்தான் போனார்கள். சாப்பிட்ட பிறகு வேண்டாம் என்று சொன்னவர்களைப் பற்றி ஊர் பல வருஷம் பேசும்.

அந்தக் கிளப்பின் பின் கேட்டு எனக்குப் பழக்கம். பல வருஷத்துக்கு முன்பு ஒரு கோடை முழுக்க அருப்புக்கோட்டையில் ஐஸ் வண்டி மிதித்தேன். சாக்கைப் போர்த்திய ஐஸ் கட்டிகளைத் தினமும் பதினோரு மணிக்கு அந்தப் பின் கேட்டில் இறக்க வேண்டும். கேட்டில் ஒரு சின்னக் கதவு திறக்கும். இரண்டு கைகள் வெளியே வந்து வாங்கிக்கொள்ளும். கதவு மூடிக்கொள்ளும். அந்த இரண்டு கைகளுக்குச் சொந்தமான முகத்தை நான் பார்த்ததே இல்லை.

ஐஸ் கம்பெனியில் எங்களுக்குள் அதைப் பற்றித்தான் பேச்சு. உள்ளே போனால் வியர்க்கவே வியர்க்காதாம். கறி அங்கே கடிக்கவே வேண்டாமாம், வாயில் வைத்தாலே போதுமாம். அங்கே ஒரு பெரிய மனிதர் இன்னொரு பெரிய மனிதர் காதில் ஒரு வார்த்தை போட்டால், மறுநாள் லோனு சாங்ஷன் ஆகிவிடுமாம். "ஏலே, அங்க நாற்காலியே ஆளப் பிடிச்சு விடுமாம்லே" என்று ஒருவன் சொல்வான். "உன்னையப் பிடிச்சா வெளியதாம்லே விடும்" என்று இன்னொருவன் சொல்வான். சிரித்தாலும் நான் நம்பினேன். பிறகு எத்தனையோ ஊர்களில், கருவேலங்கரி மூட்டத்துப் புகையில் கண் எரிந்து கிடந்தபோதெல்லாம், வியர்க்காத ஓர் இடம் என்று நினைத்தால் அந்த மதில்தான் எனக்கு ஞாபகம் வரும்.

அன்று முன் கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஷூவைப் பார்த்தார். அவர் காலிலும் அதே ஷூ.

"வேலைக்கா? பின்னாடி போங்க."

"இல்ல, கெஸ்ட்டு."

"கெஸ்ட்டா?"

அந்த ஒரு வார்த்தையிலேயே என் முதுகு நனைந்துவிட்டது. நல்ல வேளையாக மாப்பிள்ளையின் அப்பா வந்துவிட்டார். ஊருக்கு வந்தபோது வேட்டியில் எவ்வளவு கம்பீரமாக இருந்தார்! இங்கே பேண்டுக்குள் சட்டையைத் திணித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் போல நின்றார். அவர் மெம்பராகி நாலு மாதம்தான் ஆகிறது என்று பிறகு தெரிந்தது.

வாசல் மேஜையில் ஒரு பெரிய புத்தகம் இருந்தது. விருந்தினர் பெயர், மெம்பர் எண், மெம்பருக்கு என்ன உறவு, வந்த நேரம் என்று கோடு போட்டிருந்தது. உறவு என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு 'நண்பர்' என்று எழுதினார். எனக்கு அது சரியாகப் பட்டது. நானும் அவரை மாமா என்று கூப்பிடாமல் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டு வந்தேன். முடிவாகாத வரைக்கும் அதுதான் முறை.

ஹாலுக்குள் குளிர்ந்தது. நிஜமாகவே வியர்க்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் அது பழகிவிட்டது, மற்றவை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. சொட்டுகிற சத்தம் கேட்காமல் இருக்க வாளிக்குள் ஒரு துணி போட்டிருந்தார்கள். கம்பளத்தில் மழைக்கு நனைந்த சாக்கின் வாடை. ஒரு சோபா சுவரைப் பார்த்துத் திருப்பிப் போடப்பட்டிருந்தது. அதன் முன்பக்கம் கிழிந்திருக்க வேண்டும். மூலையில் நாலு பேர் சீட்டாடினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் சீட்டாடுகிறவர்கள் போடுகிற சத்தத்தில் கொக்கு பறந்துவிடும். இவர்கள் பரீட்சை எழுதுகிறவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் நாலு தலையும் திரும்பி, வந்தவர் யார் என்று பார்த்துவிட்டுத் திரும்பும்.

மெம்பர் வீட்டுப் பிள்ளை என்பதால் முன்பே உள்ளே வந்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எழுந்து "வாங்கண்ணே" என்றான். மெல்லிய பையன். நான் நடந்து வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான் போல.

"ஷூ கடிக்குதாண்ணே?"

"இல்லையே."

"எனக்குக் கடிக்கும்" என்று மெதுவாகச் சொல்லிச் சிரித்தான். அவனை எனக்குப் பிடித்துப் போனது. அது வேறு ஒரு கவலையாக வந்து சேர்ந்தது. நல்ல பையனாக இருந்தால் கேள்வியைக் கேட்பது இன்னும் கஷ்டம்.

உட்கார்ந்ததும் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அண்ணாச்சி வாயை மூடவில்லை. இந்த மேஜை எந்த ஊரில் செய்தது, அந்தப் படத்தில் இருப்பவர் யார், மெம்பர் ஆவதற்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், தினமும் காலையில் தான் இங்கே பந்து விளையாட வருவது என்று சொல்லிக்கொண்டே போனார். சொல்லும்போது கண் வாசலிலேயே இருந்தது. மேஜையில் பரப்பியிருந்த கரண்டிகளில் எது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. அவரும் மகன் தொடுவதைப் பார்த்துத்தான் தொடுகிறார் என்று கண்டுகொண்டேன். உள்ளே வந்துவிட்டவருக்கே இவ்வளவு பயமா என்று இருந்தது.

"அண்ணாச்சி, சாப்பாடெல்லாம் வேணாம். பேசிட்டுக் கெளம்புறேன்" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி. கட்டாயம் இல்ல. முன்னால இருக்கட்டும்."

பீங்கான் தட்டில் சோறு வந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு தட்டில் கறிச் சுக்கா. அதன் வாடை மூக்கில் ஏறியதும் நான் ஒரு நிமிஷம் இருக்கிற இடத்தை மறந்துவிட்டேன். கருகக் கருக வறுத்த மல்லி, நல்லெண்ணெய், தோலோடு நசுக்கிய பூண்டு. எனக்குத் தெரிந்த வாடை. ஐஸ் இறக்கிவிட்டு வந்து பாளையம்பட்டியில் ஒரு தகரக் கொட்டகைக் கடையில் தின்ற கறிச்சோற்றின் வாடை. அதே கை. எத்தனை வருஷம் ஆனாலும் பசியில் தின்ற சோற்றை நாக்கு மறக்காது. அன்று காலையில் நான் எதுவும் தின்னாமல் வந்திருந்தேன். ரோட்டில் வளர்ந்தவன் நான். முன்னால் வைத்த தட்டைத் தள்ளி எனக்குப் பழக்கம் இல்லை. அடுத்த தட்டு எப்போது என்று தெரியாதவனுக்கு அந்தப் பழக்கம் வராது.

இருந்தாலும் ஒரு கணம் யோசித்தேன். இது அவர்கள் வீடா? இல்லை. அடுப்பு அவர்களுடையதா? இல்லை. கறி கடைக் கறி. கடையில் தின்றால் கை நனைத்ததாக யார் சொல்வார்கள்? பஸ் ஸ்டாண்டில் இருவரும் ஒரே டீக்கடையில் டீ குடித்தால் கல்யாணம் முடிவாகிவிடுமா? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன்.

தட்டு காலியானதும் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். அது மலர்ந்திருந்தது. உள்ளே வந்த பிறகு முதல் தடவையாக அவர் மூச்சை விட்டார்.

"இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லவா, மருமகனே?"

'தம்பி' போய் 'மருமகன்' வந்துவிட்டது. என் வாயில் இருந்த கடைசிக் கவளம் இறங்கவில்லை. தண்ணீரைக் குடித்து இறக்கினேன். அதுவும் சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். அண்ணாச்சி எச்சில் கையோடு எழுந்து நின்றார். வந்தவர் கிளப்பில் பெரிய ஆள் என்பது சீட்டாடிய நாலு பேரும் எழுந்ததில் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்து, "யாரு இவரு?" என்றார்.

"நம்ம சம்பந்தி வீடு. இன்னைக்குத்தான் கை நனைச்சாக" என்றார் அண்ணாச்சி.

"ரொம்பச் சந்தோசம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நின்றது கால் நிமிஷம்கூட இல்லை. அந்தக் கால் நிமிஷத்துக்காகத்தான் அண்ணாச்சி நாலு மாதமாக இங்கே வந்துகொண்டிருக்கிறார் என்று தோன்றியது.

அதன் பிறகு அவர் செய்த காரியம்தான் என்னைக் கட்டிப்போட்டது. சப்ளையரைக் கூப்பிட்டு வாசலில் இருந்த புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். 'நண்பர்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார். அதன் மேலே, நிதானமாக, 'சம்பந்தி வீட்டார்' என்று எழுதினார். எழுதிவிட்டு மை காயும் வரை ஊதினார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

"எதுன்னாலும் கேளுங்க மருமகனே. ஐஸ்கிரீம்ல என்ன வேணும்?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். நான் கேட்க வந்தது ஐஸ்கிரீம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன். நான் ஐஸ்கிரீம் வேண்டாம் என்று சொல்லி, கும்பிட்டு, வெளியே வந்து, கேட்டைத் தாண்டி வளைவு திரும்பியதும் ஷூவைக் கழற்றினேன்.

பாளையம்பட்டியில் அந்தத் தகரக் கொட்டகை இன்னும் அங்கேயே இருந்தது. கடைக்கார அக்கா தலை நரைத்து, மேடையில் உட்கார்ந்து அடுக்குப் பாத்திரம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஏய், ஐஸுக்காரத் தம்பிதான? எங்கய்யா போன இத்தன வருசமா? இதென்ன, ஷூவக் கைக்கு வாங்குனியா, காலுக்கு வாங்குனியா?"

"கிளப்புல இருந்து வாரேன்க்கா."

"உள்ளயா போன?"

"உள்ளதான். சாப்பிட்டேன்."

"அடேயப்பா. எப்பிடி இருந்துச்சு?"

"உங்க சுக்கா மாதிரியே இருந்துச்சு."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது. "சத்தமாச் சொல்லிராத. அவுக சமையக்காரன் ஓடி ரெண்டு வருசமாச்சு. மத்தியானச் சாப்பாடு நம்ம கையிதான். பின் கேட்டுல வச்சிட்டு வந்துருவேன். வாசல் வழியா வர்றவுக அங்க போயி 'இதுதாண்டா கறி'ன்னு திங்காக. நம்ம தகரத்துக்குக் கீழ தின்னா அந்த ருசி வரலையாம்." பிறகு துணியை உதறிவிட்டு, "பாத்திரம் கழுவக்கூட அங்க ஆள் நிக்கிறதில்ல. மேனேஜரு என்கிட்ட ஆள் கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றார்.

வேறு நாளாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். அன்று எனக்கு, கடைக் கறிதான் என்று நான் நினைத்தது சரிதான் என்பது மட்டும் உறைத்தது. அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் உறைத்தது. புத்தகத்தில் எழுதியாகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போனேன். திருச்சுழி வழியாகப் போகிற வீரசோழன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். என்ன சொல்லலாம் என்று ஊர் வரை ஒத்திகை பார்த்தேன். கேட்டேன், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள் என்று ஒரு பொய். அவரே சரி என்று சொல்லிவிட்டார் என்று இன்னொரு பொய். இரண்டாவது பொய் நன்றாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்குத் தெரியவரும்போது நான் எங்கேயாவது போர் லாரியில் இருப்பேன். இப்படி யோசித்தவுடன் எனக்கே என்மேல் பயம் வந்தது. இதற்கு முன்பு எத்தனை வீடுகளில், எத்தனை முதலாளிகளிடம், இப்படித்தான் கிளம்பி வந்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. அம்மா வாசலில் நின்றாள். முகத்தைப் பார்த்ததும் அவர்கள் போன் எனக்கு முந்திவிட்டது என்று தெரிந்தது.

"பூ வைக்க நாள் பாக்கச் சொல்லியிருக்காக. வயிறாரத் தின்னாருன்னு உன்னையச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டாக" என்றாள் அம்மா.

தங்கச்சி அப்போதுதான் லேபிலிருந்து வந்திருந்தாள். குழாயடியில் நின்று சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டிருந்தாள். தினமும் அப்படித்தான் கழுவுவாள். அன்று முடிக்காமல் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"கேட்டியாண்ணே?"

ஒத்திகை பார்த்த பொய் நாக்கு வரை வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"கேக்கல."

"தின்னியா?"

"தின்னேன். அது கிளப்புதான, வீடு இல்லையேன்னு நெனச்சேன். கடைக் கறிதான் அது. பாளையம்பட்டிக் கடையில..."

"எந்தக் கடைன்னு நான் கேக்கல." குழாயை மூடினாள். "உனக்கு ஒரு எடம் பிடிக்கலைன்னா எந்திரிச்சுப் போயிருவ. எனக்கு அப்பிடி இல்ல. வீரசோழன்ல இருந்து ஒரு பெரியம்மா வருவாக. நரம்பே கெடைக்காது. மத்த பிள்ளைக குத்திக் குத்திப் பாத்தா அழுவாக. என்னையத்தான் தேடுவாக. நான் லீவுன்னா ரத்தம் குடுக்காம அடுத்த பஸ்ஸுல திரும்பிருவாக." கையை உதறினாள். "நீ தின்னதை நான் ஆயுசுக்கும் செரிச்சுக்கிட்டு இருக்கணுமாண்ணே?"

அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அம்மா, "நல்ல எடம், நல்ல பையன், வேலைக்குப் போயித்தான் ஆகணுமா?" என்று உள்ளே இருந்து சொன்னாள். தங்கச்சி லேபுக்குக் கொண்டுபோகிற பையை எடுத்து ஆணியில் மாட்டினாள். ஒரு வேலையை இப்படிப் பிடித்துக்கொள்ள முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. நான் விட்டு வந்த வேலைகளில் என்னை யாராவது தேடியிருப்பார்களா என்று யோசித்துப் பார்த்தேன். ஐஸ் கட்டியை வாங்கின அந்த இரண்டு கைகள்கூடத் தேடியிருக்காது.

மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அம்மா, வழக்கம்போல ஓடிப்போகிறேன் என்று நினைத்திருப்பாள். தங்கச்சியும் அப்படித்தான் நினைத்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பெரிய திட்டம் ஒன்றும் என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. அந்த ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு வாய் வராது. கையில் ஒரு வேலையோடு நின்றால் வரும். யாரோடும் நான் அப்படித்தான் பேசிப் பழகியிருக்கிறேன். ஷூவை உரியவர் வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு, செருப்போடு போனேன். பின் கேட்டைத் தட்டினேன். சின்னக் கதவு திறந்தது. இந்தத் தடவை முகமும் தெரிந்தது. மேனேஜர்.

"கறிக்கடை அக்கா அனுப்புனாகளா?"

"ஆமா."

"பாத்திரம் கழுவத் தெரியுமா?"

"தெரியும்."

"செருப்ப வெளிய விடு" என்றார். முன் கேட்டைப் போல இது மரியாதைக்கான தடை இல்லை. ஈரத்தில் வழுக்கும் என்பதுதான் காரணம்.

பின்கட்டில் ஒரு சிமெண்டுத் தொட்டி. நேற்றைய பீங்கான் தட்டுகள் கறி காய்ந்து கிடந்தன. அதில் ஒன்று நான் தின்றதாக இருக்கலாம். பாதித் தட்டுகளில் ஓரம் உடைந்திருந்தது. உடைந்த பக்கம் மெம்பருக்குத் தெரியாதபடி திருப்பி வைப்பதுதான் இங்கே முதல் பாடம் என்று மேனேஜர் சொல்லிக்கொடுத்தார். கழுவ ஆரம்பித்தேன். எட்டு மணிக்கு நேற்றைய சப்ளையர் டீ டம்ளர்களோடு வந்தார். என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நீங்க நேத்து கெஸ்ட்டுல்ல?"

"நேத்து."

அவர் டம்ளரை வைத்துவிட்டு வேகமாக முன்பக்கம் போனார். நான் குழாயை இன்னும் திறந்துவிட்டுத் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி வந்தார். பந்து விளையாட வந்தவர் போல, வெள்ளை பனியன், வெள்ளை ஷூ. ஈரத்தில் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் வாசல்படியிலேயே நின்றார். இந்தப் பக்கம் அவர் வந்ததே இல்லை என்று தெரிந்தது.

"என்னங்க இது? கையத் தொடைங்க மொதல்ல. யாராச்சும் பாத்தா என்ன ஆகுறது? நேத்து வந்த பெரியவர்கிட்ட சம்பந்தி வீடுன்னு சொல்லிருக்கேன்."

"அதான் அண்ணாச்சி கேக்க வந்தேன்." கையைத் துடைக்கவில்லை. தேய்த்துக்கொண்டே சொன்னேன். "நேத்து கேக்கணும்னு வந்தேன். கேக்காமத் தின்னுட்டேன். அது என் தப்பு, என் தங்கச்சி தப்பு இல்ல. அவ கல்யாணத்துக்குப் பெறகும் லேபுக்குப் போவா. அதுக்குச் சம்மதமான்னு நீங்க சொல்லாம நாங்க வார்த்தை குடுக்கல. நேத்து தின்ன சோத்துக்கு இன்னைக்கு வேலை பாத்துட்டேன். அதை விருந்துன்னு நீங்க நெனைக்க வேணாம்."

"அடப் பாவி மனுசா. இதை நேத்தே கேட்டிருக்கலாமுல்ல?"

"நேத்து ஷூ கடிச்சது அண்ணாச்சி."

அவருக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா என்று சொல்ல முடியவில்லை. முன்பக்கம் ஒரு கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவர் முகம் வெளுத்தது. "அந்தப் புத்தகத்தைக் கொண்டா" என்று சப்ளையரிடம் சொன்னார். அது வந்ததும் படியில் நின்றபடியே சுவரில் சாய்த்துப் பிடித்து, 'சம்பந்தி வீட்டார்' மேல் கோடு போட்டார். எழுத்து தெரியாதபடி மூன்று நாலு தரம் அழுத்திப் போட்டார். அதை என் தங்கச்சிக்காகப் போடவில்லை என்று எனக்குத் தெரியும். காரில் வந்த பெரியவர் பக்கத்தைப் புரட்டி, பாத்திரம் கழுவுகிறவன்தான் சம்பந்தி என்று கண்டுவிடுவாரோ என்ற பயத்தில் போட்டார். எதற்காகப் போட்டாலும் கோடு விழுந்தது.

பேனாவை மூடிவிட்டு அவர் போய்விடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பையனும் ராத்திரி இதத்தான் கேட்டான். 'அந்தண்ணே என்னமோ கேக்க வந்தாக, நீங்க விடல'ன்னான். எனக்கு என்ன தெரியும் தம்பி? எங்க வீட்டுல பொம்பளைக வேலைக்குப் போனதில்ல. ஞாயித்துக்கிழமை வாரோம். அவனும் அந்தப் பிள்ளையும் பேசிக்கிடட்டும். சரிப்பட்டா பாப்போம், இல்லைன்னா அவுக அவுக வழி. பச்சத் தண்ணி குடிக்க மாட்டோம், சொல்லிப்புட்டேன்."

"குடிக்க வேணாம் அண்ணாச்சி."

"முன்பக்கம் வந்துராத தம்பி" என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. காலைத் தூக்கித் தூக்கி வைத்து, ஈரம் படாமல் ஹாலுக்குள் போனார்.

தங்கச்சிக்கு போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை நீயே கேள் என்று சொல்ல வேண்டும். அவள் என்ன சொல்வாள், அந்தப் பையன் என்ன சொல்வான், அம்மா என்னை வீட்டுக்குள் விடுவாளா, ஒன்றும் தெரியவில்லை. போன் சட்டைப்பையில் இருந்தது. கையெல்லாம் சோப்பு.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "மத்தியானச் சாப்பாடு பன்னெண்டுக்கு வந்துரும். அதுக்குள்ள தட்டெல்லாம் காயணும். நாளைக்கும் வருவியா, இல்ல மத்தவங்க மாதிரியா?"

"வருவேன்" என்றேன். அடுத்த தட்டை எடுத்தேன்.